சித்தி ஏன் கண்ணாடியை இறக்குவதில்லை

வண்டியை நிறுத்தி யாரிடமாவது பேச வேண்டுமானால் சித்தி கண்ணாடியை இறக்க மாட்டாள்; கதவைத் திறப்பாள். முழுக்க இல்லை, ஒரு சாண். அந்த இடைவெளியில் முகத்தை நுழைத்து, "என்ன?" என்பாள். ஒன்பது வருடமாக இப்படித்தான். பெட்ரோல் போடுகிறவர், பள்ளிக் காவலாளி, தெருவில் வழி கேட்கிறவர்கள் என்று எல்லோருமே, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் அவளுடைய வெள்ளை வேனிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கப் பழகிவிட்டார்கள். பழகாதவர்களுக்கு முழங்காலில் ஒரு தட்டு விழும், அத்தோடு பழகிவிடுவார்கள். பேப்பர் போடுகிறவர் இரண்டு முறை சைக்கிளோடு சாய்ந்த பிறகு, வேனைப் பார்த்தாலே இறங்கித் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பழக்கம் சொந்த வேனோடு நிற்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குத் தெரிந்தவர் காரில் பின்சீட்டில் உட்கார்ந்து போனபோது, நடுச் சிக்னலில் யாரோ கையாட்ட, சித்தி அங்கேயும் கதவைத் திறந்துவிட்டாள். பல் டாக்டர் "திறங்க" என்று சொன்னபோதுகூட அம்மாவின் கை பக்கவாட்டில் கைப்பிடியைத் தேடியது என்று அவள் மகன் சின்னவன் சத்தியம் செய்வான். அவன் சத்தியத்தை யாரும் நம்புவதில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு வரும்.

அந்த ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஏன் இறங்குவதில்லை என்று கேட்டால் சித்தி, "பழைய வண்டி, அதுக்கும் வயசாகுதுல்ல" என்பாள். மழையில் கதவைத் திறந்து தோள் நனைந்து வருவாள். வெயிலில் வெந்து வருவாள். ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாமே என்றால் மட்டும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

ஒரே வீட்டில் மேலும் கீழுமாக இரண்டு குடும்பம். கீழே சித்தியும் சின்னவனும்; சித்தப்பாவுக்கு வேறு ஊரில் கிடங்கு வேலை, மாதம் ஒரு முறை வந்து போவார். மேலே சித்தியின் அக்காவும் அவள் கணவரும் மகளும். அந்த மகள்தான் அந்த இரண்டு குடும்பத்திலும் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள். எலக்ட்ரானிக்ஸ். சின்னவன் அவளுக்குப் 'பட்டதாரி' என்று பெயர் வைத்தான். தெரு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, வேலை கிடைக்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் ஒயர் வைத்த சாமான் எது ரிப்பேரானாலும் அவள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். இஸ்திரிப் பெட்டி வந்தது. அழைப்பு மணி வந்தது. ஒரு முறை சுவர்க் கடிகாரம் வந்தது. காகிதத்தில் சர்க்யூட் போட்டுப் பழகிய பெண் அவள். இஸ்திரிப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று நான்கு வருடத்தில் யாருமே சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு சாமானையும் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது 'அப்படியென்றால் நான் என்னதான் படித்தேன்?' என்ற கேள்வி தொண்டைக்கு வரும். விழுங்கிக்கொண்டு, "லூஸ் கனெக்ஷன்" என்பாள். சில சமயம் அது உண்மையாகவும் இருந்துவிடும்.

மேல்வீட்டு அலமாரியில் அவள் வாங்கிய பரிசுகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஓர் இடம் மட்டும் காலி. எட்டாம் வகுப்பில் அறிவியல் கண்காட்சியில் வாங்கிய மரக்கேடயம் இருந்த இடம் அது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு நாள் மாலை அது காணாமல் போனது. அப்போது பதினொரு வயதான சின்னவன்தான் அதை எடுத்து விற்றுத் தின்றான் என்று அந்த வீட்டில் தீர்ப்பானது. அவன் பெரியம்மா காதைத் திருகினாள்; அவனுடைய அம்மாவே அவனை உட்காரவைத்து, 'நான் இனி அக்காவின் பொருளை எடுக்க மாட்டேன்' என்று நூறு தடவை எழுதவைத்தாள். அதன்பிறகு அவன் எந்தச் சத்தியம் செய்தாலும் வீடே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். "கேடயத்தை வித்த கைராசி" என்று தன் கையையே காட்டுவான்.

இப்படி இருந்த வீட்டில்தான் சித்தியின் லைசன்ஸ் காலாவதியானது. புதுப்பிக்க மறந்து, கெடு தாண்டி, மறுபடி ஓட்டிக் காட்டினால்தான் ஆயிற்று என்றார்கள். இருபது வருடம் ஓட்டியவள் எகத்தாளமாகத்தான் போனாள். சோதனைத் திடலில் தேர்வு அதிகாரி பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"திருப்பத்துல கையை வெளிய நீட்டிச் சிக்னல் காட்டுங்கம்மா."

சித்தி கதவைத் திறந்தாள். ஓடுகிற வண்டியில், ஒரு சாண், கையை நீட்டி. அதிகாரி இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, கதவை மூடுங்க! மூடுங்கம்மா!"

"மூடினா கை எப்படி சார் வெளிய வரும்?"

தோல்வி. அடுத்த திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு. கண்ணாடி வேலை செய்யாவிட்டால் வண்டியைத் திடலுக்குள்ளேயே விடமாட்டோம் என்றார்கள். பள்ளியிலும் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: அந்தத் திங்கள் மாலை மூன்று மணிக்குள் லைசன்ஸ் நகல் வராவிட்டால் பதினான்கு பிள்ளைகளும் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பதினான்கு பிள்ளைகள்தான் கீழ்வீட்டின் அரிசியும் பருப்பும்.

அன்று சாயங்காலம் வீடு முழுக்கப் பட்டதாரியைப் பார்த்தது.

"ஒரு கண்ணாடிய இறக்கத் தெரியாதா? நாலு வருஷம் என்னத்தடி படிச்ச?" என்றாள் அவள் அம்மா.

"கண்ணாடி இறக்கறதுக்குன்னு தனிப் பாடம் இல்லம்மா."

"அத வச்சிருந்தா இந்நேரம் வேலையாவது கெடைச்சிருக்கும்."

செவ்வாய்க்கிழமை பட்டதாரி ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தாள். சித்தி பக்கத்தில் நின்று உற்சாகமாகத் தலையாட்டினாள். "ஃப்யூஸாத்தான் இருக்கும். எனக்கு அப்பவே தெரியும்." ஃப்யூஸ் நன்றாகவே இருந்தது. மன நிறைவுக்காகப் புதியது ஒன்றைப் போட்டார்கள். கண்ணாடி அசையவில்லை.

புதன்கிழமை சுவிட்சு. அடுத்த பக்கக் கண்ணாடி ஒழுங்காக ஏறி இறங்கும். அதன் சுவிட்சைக் கழற்றி இதில் போட்டாள், இதை அதில் போட்டாள். அந்தப் பக்கம் இரண்டு சுவிட்சுக்கும் இறங்கியது, இந்தப் பக்கம் எதற்கும் மசியவில்லை. ஆக, சுவிட்சு மேல் தப்பில்லை. கதவுக்குப் போகும் ஒயரில் ஒரு சின்னப் பல்பைக் கோத்துச் சுவிட்சை அழுத்தினாள். பல்பு எரிந்தது! இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ஏதோ அந்தத் தெருவுக்கே மின்சாரம் கொண்டுவந்துவிட்டது போல. அப்புறம்தான் கண்ணாடி இன்னும் இறங்கவில்லை என்பது ஞாபகம் வந்தது.

பட்டதாரி கதவில் காதை வைத்தாள். "சித்தி, அழுத்து."

உள்ளே 'உர்ர்' என்று ஏதோ சுற்றியது.

"மோட்டார் உயிரோட இருக்கு!" அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் படிப்பு ஒரு நிஜப் பொருளைத் தொட்டு, அது பதிலும் சொல்லியிருக்கிறது. "மோட்டார் சுத்துது, கண்ணாடி நகரல. அப்போ ரெண்டுக்கும் நடுவுல இழுக்கற கம்பி அறுந்திருக்கணும். கதவோட உள்பலகையக் கழட்டினா தெரிஞ்சிடும்."

சித்தியின் முகத்தில் இருந்த விளக்கு அணைந்தது.

"கழட்டக் கூடாது."

"ஏன்?"

"கிளிப்பெல்லாம் பழசு. ஒடஞ்சிடும்."

"புதுசு போட்டுக்கலாம்."

"மழை வர மாதிரி இருக்கு."

வானத்தில் ஒரு மேகம் இல்லை. பட்டதாரி மேலே பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள்.

"கண்ணாடிய ஒடச்சிடேன்" என்றாள் சித்தி சட்டென்று. "ஒரே போடு. கை வெளிய போகணும், அவ்வளவுதானே?"

கதவைப் பிரிப்பதைவிடக் கண்ணாடியை உடைப்பது மேல் என்று நினைக்கிற ஒரு மனுஷியை எந்தப் பாடத்தில் வைப்பது என்று பட்டதாரிக்குத் தெரியவில்லை. வியாழனும் வெள்ளியும் வேன் வீட்டுப் பக்கமே வரவில்லை. பள்ளி விட்டதும் எங்கேயோ நிறுத்திவிட்டு சித்தி நடந்து வந்தாள். கேட்டால், "நடந்தா உடம்புக்கு நல்லது" என்றாள். வேன் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து தெருமுனைக்குக்கூட நடக்காதவள்.

சனிக்கிழமை விடுமுறை. வேன் வாசலில் நின்றது, சித்தி தலைக்குக் குளிக்கப் போனாள். பட்டதாரி திருப்புளியை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். பெயின்ட் கடையில் கலர் கலக்கும் வேலைக்குப் போகும் சின்னவன், சாப்பிட வந்தவன், பலகையின் மறுமுனையைப் பிடித்தான். ஆறு ஸ்க்ரூ வந்தன. கைப்பிடியிலிருந்து பூட்டுக்குப் போகும் மெல்லிய கம்பியைப் பட்டதாரி கழற்றிவிட்டாள். 'டப் டப்' என்று கிளிப்புகள் விட்டன. இரண்டு உடைந்தன, அதில் மட்டும் சித்தி சொன்னது சரி. உள்ளே நைந்துபோன பிளாஸ்டிக் தாள். அதை விலக்கி, கையை விட்டுத் துழாவினாள். ஆமாம், கண்ணாடியை இழுக்கும் கம்பி அறுந்து சுருண்டு கிடந்தது. ஆனால் கம்பி அறுந்தால் கண்ணாடி கீழே விழுந்திருக்க வேண்டும், மேலேயே எப்படி நிற்கிறது?

"ஏதோ மரக்கட்டை முட்டுக் குடுத்திருக்குடா."

"இழு."

இழுத்தாள். 'தொப்' என்று கண்ணாடி கதவின் வயிற்றுக்குள் விழுந்தது. அவள் கையில் மரக்கட்டை இருந்தது. தூசியைத் துடைத்தாள். பித்தளைத் தகடு. அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு. அவள் பெயர்.

சின்னவன் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். முதலில் சத்தமே வரவில்லை; தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறானோ என்று பட்டதாரி பயந்துவிட்டாள். பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, மூன்று வீடு தாண்டிக் கேட்டிருக்கும். சிரிப்புக்கு நடுவிலேயே, "அம்மா! ஏ அம்மாவ்!" என்று கூவினான்.

ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சித்தி ஓடிவந்தாள். பிரித்துப்போட்ட கதவையும் கேடயத்தையும் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டுவிட்டது.

"அடடே, கண்ணாடி எறங்கிடுச்சே!" என்றாள்.

அதற்கு மேல் அவளாலும் தாங்க முடியவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அன்றைக்குப் பேய் மழை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு வரும்போது கண்ணாடி உள்ளே விழுந்துவிட்டது, வீட்டு வாசலில் நிறுத்தி முட்டுக் கொடுக்க ஏதாவது தேடினாள். மேல்வீட்டில் யாரும் இல்லை. கேடயம் அளவெடுத்துச் செய்தது போல இருந்தது; கதவின் உள்பலகை ஓரத்தை நெம்பி உள்ளே செருகிவிட்டாள். "மறுநாளே எடுத்து வச்சிடலாம்னுதான்டி நெனச்சேன். பிள்ளைங்கள எறக்கிட்டு வந்து பாத்தா, அக்கா இவன் காதத் திருகிட்டு நிக்கறா. அவ மொகத்தப் பாத்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு."

"சரி, ஒட்டிக்கிச்சு. என்னை ஏம்மா நூறு தடவ எழுத வச்ச?"

"நான் எழுத வைக்கலன்னா உன் பெரியம்மா ஐநூறு எழுத வச்சிருப்பாடா! கொறச்சு வாங்கிக் குடுத்தேன்."

ஒரு நாள் சொல்லவில்லை. ஒரு வாரம் ஆனதும் சொல்வது கூடக் கஷ்டமானது. ஒரு வருடம் ஆனதும் சொல்லவே முடியாததாகிவிட்டது. கதவை எந்த மெக்கானிக் பிரித்தாலும் அது வெளியே வரும். அதனால் ஒன்பது வருடம் வெயிலையும் மழையையும் வாங்கிக்கொண்டு கதவை ஒரு சாண் திறந்தே ஊரோடு பேசிவிட்டாள்.

சத்தம் கேட்டுப் படியிறங்கி வந்த பட்டதாரியின் அம்மா பாதியில் நின்று முழுவதையும் கேட்டாள். தங்கையை முறைத்தாள். பிறகு அசடு வழியச் சின்னவனிடம் வந்து, "எந்தக் காதுடா?" என்றாள்.

"இந்தக் காது பெரியம்மா."

அவள் நீவிவிட்டாள். அவன் உடனே மறு காதையும் திருப்பிக் காட்டினான்.

பட்டதாரி கேடயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேல் விளிம்பில் கண்ணாடி அழுந்தி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அலமாரியில் நிற்கும் மற்ற பரிசுகள் எல்லாம் தூசி வாங்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. அவள் வாங்கியவற்றிலேயே வேலைக்குப் போனது இது ஒன்றுதான். அதுவும் ஒரு நாள் லீவு போடாமல். சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது: அன்று "அவன்தான் எடுத்தான்" என்று முதலில் கை நீட்டியவள் அவள்தான். பார்த்து அல்ல. நெற்றியில் பள்ளிக்கூடம் ஒட்டிவைத்த முதல் பரிசு அவளை அவ்வளவு நிச்சயமானவளாக ஆக்கியிருந்தது.

"சாரிடா."

"உன்னுது பரவால்லக்கா. நீ அப்போ சின்னப் பொண்ணு. கணக்கு அம்மாகிட்டதான்." அம்மாவின் பக்கம் திரும்பினான். "நூறு தடவ. எழுது."

"லைசன்ஸ் வரட்டும்டா. ஒரே மூச்சுல எழுதிடறேன்."

ஞாயிறு காலையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைக்குப் போனார்கள். அதே மாதிரி வேன் ஒன்று சக்கரம் இல்லாமல் கிடந்தது. கடைக்காரர் அதன் கதவிலிருந்து மோட்டார், கம்பி, கண்ணாடி ஏறி இறங்கும் தண்டவாளம் எல்லாவற்றையும் ஒரே கூடாக உருவிக் கொடுத்தார். மாலைக்குள் பட்டதாரி அதைப் பொருத்திவிட்டாள். சித்தி அழுத்தினாள், கண்ணாடி இறங்கியது. அழுத்தினாள், ஏறியது. நாற்பது தடவை அழுத்திய பிறகு, "பேட்டரி போயிடும் சித்தி" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

பிறகுதான் நிஜமான கோளாறு தெரிந்தது. ஒத்திகை பார்க்கலாம் என்று சித்தியைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டதாரி அதிகாரி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சிக்னல் காட்டுங்கம்மா."

சித்தியின் கை கதவைத் திறந்தது. நாற்காலிக்குக் கதவே கிடையாது. தண்ணீர்ச் செம்பு உருண்டு ஓடியது.

"கண்ணாடி சித்தி! கண்ணாடி!"

"தெரியுது, தெரியுது. இன்னொரு தடவ."

பத்து தடவையில் ஏழு தடவை கதவுதான் திறந்தது. கம்பியை மாற்றலாம், மோட்டாரை மாற்றலாம், ஒன்பது வருடத்துக் கையை எந்தக் கடையில் மாற்றுவது?

திங்கள் காலை அவசர அவசரமாக உள்பலகையைப் பூட்டினாள் பட்டதாரி. முடித்தபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. "ஒண்ணு மிஞ்சத்தான் செய்யும்" என்று படித்தவர்களுக்கே உரிய தெளிவோடு சொல்லிப் பையில் போட்டுக்கொண்டாள். திடலுக்கு நேராக ஓட்டிப் போனார்கள். தூசிக்குப் பயந்து கண்ணாடி ஏறியே இருந்தது. வாசல் காவலாளியிடம் பட்டதாரியே இறங்கிப் படிவத்தைக் காட்டினாள்.

அதே அதிகாரி. சித்தியைப் பார்த்ததும் சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தார். "நீங்க பின்னால உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது" என்று பட்டதாரியை உட்காரவைத்தார்.

வண்டி நகர்ந்தது. முதல் திருப்பம்.

"சிக்னல்."

சித்தியின் கை நேராகக் கதவுக் கைப்பிடிக்குப் போனது. கத்த முடியாது, பட்டதாரி தன் முழங்காலைத் தானே கிள்ளிக்கொண்டாள். சித்தி கைப்பிடியை இழுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி இழுத்தாள். கதவு கம்மென்று இருந்தது. பின்சீட்டில் பட்டதாரியின் கண்முன் அந்த மெல்லிய கம்பி வந்து ஆடியது. கழற்றிவிட்டது, திரும்பக் கோக்கவே கோக்காதது. சித்தி தன் கையை வேறு யாருடைய கையோ என்பது போலக் குனிந்து பார்த்தாள். கை தயங்கியது. பிறகு நான்கு விரற்கடை நகர்ந்து, சுவிட்சை அழுத்தியது.

'உர்ர்' என்று கண்ணாடி இறங்கியது. காற்று உள்ளே வந்தது. சித்தி கையை வெளியே நீட்டினாள். கையோடு தோளையும், கூடவே பாதித் தலையையும் நீட்டினாள்.

"போதும்மா, கை மட்டும் போதும்" என்றார் அதிகாரி. அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

மீதித் திருப்பங்களில் சித்தி கையாட்டிய ஆட்டத்துக்குத் திடலே வழிவிட்டது. தேர்ச்சி. அதிகாரி இறங்கிப் போய்ப் பதிவேட்டை எடுத்து, "வந்து கையெழுத்துப் போடுங்க" என்றார். கதவுதான் திறக்காதே! வெளியே கைவிட்டு வெளிக் கைப்பிடியைத் திருகினாலோ, அதிகாரி இறங்கிய பக்கமாக நகர்ந்து இறங்கினாலோ ஆயிற்று என்பது அந்தப் பரபரப்பில் மூவருக்குமே தோன்றவில்லை. மூவரில் ஒருத்தி பட்டதாரி. கடைசியில் பதிவேடு வண்டிக்கு வந்தது. கைச் சிக்னலைக் கழித்துவிட்டால், அந்தக் கண்ணாடி வழியாக ஒன்பது வருடத்தில் நடந்த முதல் காரியம் ஒரு கையெழுத்து.

"வேணும்னே கதவ அடைச்சு வச்சியாடி?" பள்ளிக்குப் போகும் வழியில் சித்தி பூரித்துப் போனாள். "என் கைய நெனச்சு முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க பாரு. படிப்புன்னா இது படிப்பு!"

யாரும் இதுவரை அவள் படிப்பை இப்படிப் புகழ்ந்ததில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இன்று இரவே தெரு முழுக்கப் பரவிவிடும். பட்டதாரி சற்று நேரம் அந்தப் புகழில் குளிர்காய்ந்தாள். பையிலிருந்த ஸ்க்ரூ விரலில் குத்தியது.

"இல்ல சித்தி. கம்பியக் கோக்க மறந்துட்டேன். தப்பு. சுத்தமான தப்பு."

சித்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தாள். "நான் ஒம்பது வருஷம் எடுத்தத ஒம்பது நிமிஷத்துல சொல்லிட்டியே! பரவால்ல, நீ படிச்சவதான்."

இரண்டரை மணிக்கு நகல் பள்ளியில் இருந்தது. கண்ணாடி வழியாகத்தான் கொடுத்தாள். காவலாளி பழக்கதோஷத்தில் இரண்டடி தள்ளி நின்றதால் எட்டி வாங்க வேண்டியிருந்தது.

கேடயம் பள்ளம் விழுந்த விளிம்போடு அலமாரிக்குத் திரும்பிவிட்டது. கம்பியும் கோத்தாயிற்று. நூறு தடவை மட்டும் ஆகவில்லை. 'நான் எடுத்த பொருளுக்கு என் மகன்மேல் பழி விழ விடமாட்டேன்' என்று சின்னவன் வாசகம் எழுதிக் கொடுத்து, ஒரு நோட்டையும் வாங்கிக் கொடுத்தான். வாசகம் நீளம் என்று சித்தி பேரம் பேசிப் பார்த்தாள், நடக்கவில்லை. ஐந்தாவது வரியிலிருந்து 'மேற்படி, மேற்படி' என்று எழுதிக் கொடுத்தாள். அவன் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தான். இப்போது அந்த நோட்டு வேன் கதவின் பையில் இருக்கிறது. பள்ளி விடக் காத்திருக்கும்போது, கண்ணாடியை இறக்கிவிட்டு, மனசு வந்தால் ஒரு வரி எழுதுவாள். மனசு வராத நாள்தான் அதிகம். முப்பத்தேழு வரி ஆகியிருக்கிறது.

அறுபத்து மூன்று பாக்கி.